வெள்ளம் வடிந்த பிறகு பில் யார் தலையில்? பங்கு பிரிக்கும் வழி

நகரம் மூழ்கித் தண்ணீர் வடிந்ததும், சேறு காய்வதற்கு முன்பே முதல் கூட்டம் கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் மூன்று குரல்கள் நிச்சயம் கேட்கும். "எல்லாத்தையும் அரசாங்கம்தான் கொடுக்கணும்" என்பார் ஒருவர். "ஆத்தங்கரையில வீடு கட்டினவங்களுக்கு எங்க வரிப்பணத்தை ஏன் கொடுக்கணும்?" என்பார் இன்னொருவர். "யார் தப்போ அவங்க கட்டட்டும்" என்று மூன்றாமவர் மேஜையைத் தட்டுவார். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மதகைக்கூடத் திரும்பக் கட்ட முடியாது.

நான் உள்ளாட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்டிமேட், பில், தணிக்கை ஆட்சேபம் இவற்றோடுதான் என் காலம் போனது. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் கோப்பு நகர்ந்தது, எது மேஜையிலேயே தூங்கியது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். யாருக்கும் ஒதுக்காமல் விட்ட செலவு காற்றில் கரைந்து போகாது. மூழ்கின வீட்டில் இருப்பவர் சத்தமில்லாமல் அதைத் தன் கைக்காசில் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் வேலை தொடங்கும் முன்பே பங்கைத் தாளில் பிரித்துவிட வேண்டும். வார்டு கவுன்சிலர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், வியாபாரிகள் சங்கத் தலைவர் என்று அந்தக் கூட்டத்தில் உட்காரப்போகும் யாருக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

முதலில் பில்லைத் துண்டு போடுங்கள்

"மறுசீரமைப்புக்கு இத்தனை ஆயிரம் கோடி தேவை" என்று செய்தியில் வரும் ஒற்றை எண்ணை ஓரமாக வையுங்கள். அந்த எண்ணை யாரிடம் நீட்டினாலும் "அவரைக் கேளுங்கள்" என்பார்கள். ஒரு பெரிய தாளை எடுத்து ஒவ்வொரு வேலையையும் தனி வரியாக எழுதுங்கள். ஆற்றுக்கரை ஒரு வரி, பம்ப் நிலையம் ஒரு வரி, பள்ளிக்கூடம் ஒரு வரி. வீடுகளையும் கடைகளையும் தெருவாரியாகப் போடலாம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே கட்டங்கள் வரட்டும். சொத்து யாருடையது, எதனால் சேதமானது, சரியானால் யாருக்குப் பலன், காப்பீடு உண்டா, பழையபடி கட்ட எவ்வளவு, பலமாகக் கட்ட எவ்வளவு, பிறகு பராமரிப்பது யார், பணம் தருவது யார், எந்தத் தேதிக்குள். கடைசி இரண்டு கட்டமும் ஆரம்பத்தில் காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். சேத மதிப்பீட்டுக் குழு வந்து எழுதிக்கொண்டு போகும் பட்டியலில் சில வரிகள் வரவே வராது. இடிந்த வீட்டுக்கு வங்கித் தவணையும், தற்காலிகமாகக் குடியேறிய வீட்டுக்கு வாடகையும் ஒரே மாதத்தில் கட்டுவது அதில் ஒன்று. மூடிக் கிடந்த கடையின் ஊழியருக்குச் சம்பளம், நனைந்துபோன பத்திரத்துக்கும் சான்றிதழுக்கும் நகல் எடுக்கும் கட்டணம், வெகுதூரத்துப் பள்ளிக்கு மாற்றிய பிள்ளைகளின் பஸ் செலவு, சேறு அள்ளும் கூலி இவையெல்லாம் அந்த வகைதான்.

சேறு அள்ளுவதையே பாருங்கள். தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தையை வாசற்படி தாண்டிக் கொண்டுவர நாலு பேர் வேண்டும். வாசலில் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்று வீட்டுக்காரர் நினைப்பார். வாசல்வரை வீட்டுச் செலவு, அதற்கு அப்பால் மாநகராட்சிச் செலவு என்று யாரும் எழுதி வைக்காத ஊரில் அந்த மெத்தை வாரக்கணக்கில் தெருவிலேயே கிடக்கும். அடுத்த மழைக்கு நேராகப் போய் வடிகால் வாயை அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வரிகளைத் தேடித் தேடி எழுதுங்கள். பட்டியலில் ஏறாத செலவுக்கு எந்த நிதியிலிருந்தும் பணம் கேட்க முடியாது.

பழையபடி ஒரு விலை, பலமாக ஒரு விலை

ஒரு சிறு பாலத்தை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு அடியில் இரண்டு குழாய் போட்ட சாதாரணக் கல்வெர்ட். வெள்ளத்தில் மரக்கிளையும் பிளாஸ்டிக்கும் வந்து குழாய் வாயை அடைத்தன. தண்ணீர் சாலைக்கு மேலேறி வழிந்தது, பக்கவாட்டு மண்ணை அரித்தது, ஒரே இரவில் சாலை பாதியாகிவிட்டது. அதே இரண்டு குழாயைத் திரும்பப் போட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். அகலமான பெட்டிக் கல்வெர்ட் கட்டினால் தாங்கும். பழையபடி கட்ட 60 பங்கு, அகலமாகக் கட்ட 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிடர் நிதி விதிகள் பெரும்பாலும் இருந்ததை இருந்தபடி சரிசெய்யும் அளவுக்குத்தான் பணம் தரும். 100க்கு எஸ்டிமேட் போட்டு அனுப்பினால் "இது மேம்பாட்டுப் பணி" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிடுவார்கள். அந்த வரியை நானே எழுதியிருக்கிறேன், விதி அப்படி. பயந்துபோய் 60க்குப் போட்டால் பணம் வந்துவிடும், ஆனால் அடுத்த வெள்ளத்தோடு அதுவும் போய்விடும். சரியான வழி எஸ்டிமேட்டை இரண்டாகப் போடுவது. 60 பங்கு சீரமைப்பு, 40 பங்கு தடுப்புப் பணி. இரண்டுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு. இந்தியாவில் 15ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தடுப்புப் பணிக்கென்றே தனியாகப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்காவிலும் தடுப்புக்குத் தனி மானியம் இருக்கிறது. இல்லாத நாட்டில் அந்த 40ஐப் பலன் பெறுபவர்களிடமிருந்து திரட்ட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பராமரிப்புக் கட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். கட்டிக் கொடுப்பது ஒரு துறை, வருடா வருடம் குப்பை அள்ள வேண்டியது இன்னொன்று. இரண்டாவதற்குப் பணம் ஒதுக்காமல் முதலாவதை மட்டும் கட்டினால், அகலமான கல்வெர்ட்டும் ஒருநாள் அடைத்துக்கொள்ளும்.

தப்பு யாருடையது என்று கேளுங்கள், தீர்ப்புக்காக நிற்காதீர்கள்

தப்புச் செய்தவர் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1889இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரத்துக்கு மேலே இருந்த அணை உடைந்து 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அணை பணக்காரர்கள் மீன்பிடித்துப் பொழுதுபோக்க வைத்திருந்த ஒரு கிளப்பின் சொத்து. அந்தக் கிளப்பிடமிருந்து நீதிமன்றம் மூலம் யாரும் நஷ்டஈடு வாங்க முடியவில்லை.

2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதற்கு முக்கியக் காரணம், ராணுவப் பொறியியல் பிரிவு கட்டிய வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தது. வழக்குப் போட்டார்கள். வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பேற்காது என்று 1928ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் மீறி, அதே பிரிவு பராமரித்த ஒரு கப்பல் கால்வாய் தொடர்பான வழக்கில் 2009இல் மக்கள் பக்கம் ஒரு தீர்ப்பு வந்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தான் முதலில் சொன்னதையே மாற்றி அரசு பக்கம் தீர்ப்பளித்தது.

2011 பிரிஸ்பேன் வெள்ளத்தில் விவன்ஹோ அணையைத் திறந்த விதம் பற்றி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. மாநில அரசும் இன்னொரு நிறுவனமும் சமரசத்துக்கு வந்து பணம் கொடுத்தன. அணையை இயக்கிய அமைப்போ 2021இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. வெள்ளம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் அஞ்சாவது படித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே இரண்டு கோப்பு திறங்கள். ஒன்று ஆதாரக் கோப்பு. அணை திறப்புப் பதிவேடு, மணிவாரி மழையளவு, சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த வடிகால் படங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் உயரம். இவை முதல் வாரத்தில் கிடைக்கும், ஆறாம் மாதத்தில் கிடைக்காது. இரண்டாவது கட்டுமானக் கோப்பு. அது முதல் கோப்புக்காக ஒருநாள்கூட நிற்கக் கூடாது. பொதுப் பணத்திலிருந்து உதவி பெறுபவரிடம் வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கிடைத்தால், இரண்டிலும் ஒரே சேதத்துக்குப் பெற்ற தொகை பொது நிதிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் கட்டுவதும் வழக்காடுவதும் ஒன்றையொன்று தடுக்காது.

காப்பீடு

"இன்சூரன்ஸ் இருக்கு" என்று யாராவது சொன்னால் பாலிசியை வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது, காற்றுச் சேதம் உண்டு. கத்ரீனாவுக்குப் பிறகு "கூரையைக் காற்று பிடுங்கியதா, தண்ணீர் தூக்கியதா" என்பதிலேயே எத்தனையோ குடும்பங்களின் வருடங்கள் போயின. வெள்ளத்துக்கென்று அங்கே 1968இல் தொடங்கிய அரசுத் திட்டம் உண்டு. உண்மையான ஆபத்துக்கு ஏற்ற பிரீமியம் பலரிடம் வாங்காமலேயே ஓடி, பெரிய புயல்களுக்குப் பிறகு கடனில் விழுந்தது. 2017இல் 1,600 கோடி டாலர் கடனை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. கடைசியில் வரி கட்டுபவர்தான் கொடுத்தார், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

பிரான்ஸ் 1982 முதல் வேறு வழியில் போகிறது. எந்தச் சொத்துப் பாலிசி எடுத்தாலும் இயற்கைப் பேரிடருக்கு ஒரே சதவீதக் கூடுதல் கட்டணம், மலை மேல் இருப்பவருக்கும் ஆற்றங்கரையில் இருப்பவருக்கும் அதே அளவு. நெடுங்காலம் 12 சதவீதமாக இருந்தது, 2025 ஜனவரியில் 20 ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2016இல் தொடங்கிய ஃப்ளட் ரீ என்ற மறுகாப்பீட்டுத் திட்டம் எனக்குப் பிடித்தது. எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களும் காசு போட்டு ஆபத்தான வீடுகளின் பிரீமியத்தைக் குறைக்கின்றன. ஆனால் 2009 ஜனவரிக்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு இது கிடையாது, 2039இல் திட்டமே முடிந்துவிடும். தெரியாமல் அங்கே மாட்டிக்கொண்ட பழைய வீட்டுக்கு உதவி, தெரிந்தே கட்டிய புதிய வீட்டுக்கு இல்லை. உங்கள் தாளிலும் வீடு கட்டிய ஆண்டுக்கு ஒரு கட்டம் சேருங்கள், பின்னால் பயன்படும்.

வீடுகளுக்கான பணம்: தொகையைவிடச் சூத்திரத்தைப் பாருங்கள்

மேடையில் அறிவிக்கும் தொகையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். அரசாணையில் அதைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தேடிப் படியுங்கள். லூசியானா மாநிலத்தில் கத்ரீனாவுக்குப் பிறகு 'ரோடு ஹோம்' என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். கேட்க நன்றாக இருந்தது. சூத்திரம் என்ன? வெள்ளத்துக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அது. அதிலிருந்து காப்பீட்டுப் பணத்தையும் மற்ற உதவியையும் கழித்துவிடுவார்கள்.

ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பழுதுபார்ப்புச் செலவு 100. செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் எந்தத் தெருவிலும் ஒரே விலைதான். விலை மதிப்புள்ள பகுதியில் இருக்கும் வீட்டின் மதிப்பு 150, அவருக்கு 100 கிடைக்கும். மதிப்புக் குறைந்த பகுதியில் அதே வீட்டின் மதிப்பு 55, அவருக்கு 55தான். அவருடைய கூரை 45 பங்கு தொலைவில் நின்றுவிடும். நியூ ஆர்லியன்ஸில் மதிப்புக் குறைந்த பகுதிகளில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். 2008இல் வழக்கு, 2011இல் சமரசம். அதற்குள் பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

அதனால் வீட்டு உதவியை எப்போதும் பழுதுபார்ப்புச் செலவோடு கட்டுங்கள், சந்தை மதிப்போடு வேண்டாம். உச்ச வரம்பு போடுவது சரி, வசதியானவரின் கிரானைட் தரைக்குப் பொதுப் பணம் போக வேண்டியதில்லை. காப்பீடு எடுக்காதவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே தொகை கொடுத்தால் அடுத்த முறை யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற வாதம் உண்டு. அது ஓரளவு சரிதான். 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஜெர்மனி காப்பீடு இல்லாத வீடுகளுக்குச் சேதத்தில் 80 சதவீதம் வரை கொடுத்தது. 20 சதவீதம் அவர் பொறுப்பு. காப்பீடு வாங்கக் காசில்லாதவருக்கு அந்த 20கூடச் சுமைதான், அவர்களுக்கு விதிவிலக்கு எழுதலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தச் சூத்திரம் எதிலும் வர மாட்டார்கள். உதவி சொத்துக்காரர் பெயரில் போகும், அவர் வீட்டைச் சரிசெய்து வாடகையை ஏற்றிவிடுவார். பொதுப் பணத்தில் சரிசெய்த வீட்டில் பழைய குடித்தனக்காரர் பழைய வாடகைக்குத் திரும்ப உரிமை உண்டு என்று குறைந்தபட்சம் ஒரு காலத்துக்காவது எழுதி வாங்குங்கள். ஆவணமில்லாத மனையில் இருப்பவருக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் மின் ரசீது, பள்ளிச் சான்று, ரேஷன் பதிவு ஏதாவது இருக்கும். குடியிருந்ததற்கான சான்றை ஏற்பதா, உடைமைக்கான சான்றைக் கேட்பதா என்ற ஒரே விதியில்தான் ஏழைகள் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் முடிவாகிறது.

கூடுதல் வரி போட்டால்

மேட்டுத் தெருக்காரர் எழுந்து "எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல, நாங்க ஏன்?" என்று கேட்பார். அவர் மொட்டை மாடியிலும் சிமெண்ட் போட்ட முற்றத்திலும் விழுந்த மழை எங்கே போனது என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். மண்ணில் இறங்க வழியில்லாத தண்ணீர்தான் பள்ளத்துத் தெருவில் கழுத்தளவு நின்றது. வாங்கியவருக்குச் சேதம், அனுப்பியவருக்கும் அதில் பங்கு உண்டு. தவிர நகரத்தின் ஆஸ்பத்திரியும் சந்தையும் மின் நிலையமும் மூழ்கினால் மேட்டில் இருப்பவரின் பிழைப்பும் சேர்ந்துதான் நிற்கும்.

கூடுதல் வரி போட்ட ஊர்கள் உண்டு. குயின்ஸ்லாந்து வெள்ளத்துக்காக ஆஸ்திரேலியா 2011-12இல் ஓராண்டு வரி போட்டது. 50,000 டாலர் வரை வருமானத்துக்கு எதுவும் இல்லை, அதற்கு மேல் 1,00,000 வரையான பகுதிக்கு அரை சதவீதம், அதையும் தாண்டினால் ஒரு சதவீதம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு உதவி பெற்றவர்களுக்கு விலக்கு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் ஜிஎஸ்டி மேல் ஒரு சதவீத செஸ் போட்டது, 2019 ஆகஸ்டில் தொடங்கி 2021 ஜூலை இறுதியில் முடிந்தது. ஜெர்மனியின் 3,000 கோடி யூரோ நிதியில் வெள்ளம் எட்டிப் பார்க்காத மாநிலங்களும் பங்கு போட்டன.

இரண்டு வகையில் எது மேல் என்றால் நான் வருமானத்தின் மேல் போடுவதையே சொல்வேன். பொருள் மேல் போடும் செஸ்ஸை, வீட்டுச் சாமானெல்லாம் போய்ப் புதுசு வாங்கும் வெள்ளப் பாதிப்பாளரும் சேர்த்துத்தான் கட்டுவார். எதைப் போட்டாலும் மூன்றை உத்தரவிலேயே கேளுங்கள்: முடியும் தேதி, பாதிக்கப்பட்டவருக்கு விலக்கு, தனிக் கணக்குத் தலைப்பு. தனித் தலைப்பு இல்லாவிட்டால் வசூல் பொதுக் கஜானாவில் கலந்துவிடும். பிறகு தணிக்கைக்காரரே தேடினாலும் எது வெள்ளப் பணம் என்று பிரிக்க முடியாது.

பலன் பெறுபவரின் பங்கு

கரை, தடுப்பணை, நீர் தேங்கும் திடல் போன்றவற்றுக்கு இதுதான் நல்ல வழி. இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒஹையோவின் டேட்டன் நகரம். 1913இல் அங்கே பெருவெள்ளம். மத்திய அரசு வருமென்று உட்கார்ந்திருக்காமல் ஊர்க்காரர்கள் தாங்களே 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் திட்டம் போடத் தொடங்கினார்கள். அதற்கென்று மாநிலத்தில் 1914இல் புதுச் சட்டம் வந்தது. ஆற்றுப் படுகை முழுவதற்கும் ஓர் அமைப்பு உருவானது. ஐந்து அணைகள், சாதாரண நாளில் தண்ணீர் தேக்காமல் வெள்ள நேரத்தில் மட்டும் பிடித்து வைப்பவை, 1922இல் முடிந்தன. 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் அதிகம் வந்தாலும் தாங்கும்படி கட்டினார்கள்.

பணம் பிரித்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அணை வந்தால் எந்தச் சொத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு கூடும் என்று மனைவாரியாக மதிப்பிட்டு அந்த அளவுக்கு வசூலித்தார்கள். அணைக்கு மேல்புறம் வெள்ள நேரத்தில் தண்ணீர் நிற்கப்போகும் நிலத்துக்காரர்களுக்கு மாறாகப் பணம் கொடுத்தார்கள். நகரம் காய்வதற்காகத் தன் வயல் நனைய ஒப்புக்கொண்டவர் அவர்.

இதை உங்கள் ஊரில் செய்ய வேண்டுமானால் முதலில் வேண்டியது வெள்ள வரைபடம். கரை இல்லாமல் எந்தத் தெருவில் எத்தனை அடி, கரை இருந்தால் எத்தனை அடி என்று பொறியாளர் இரண்டு கோடு போட்டுத் தரட்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எந்தச் சொத்தில் அதிகமோ அங்கே பங்கும் அதிகம். மொத்தமாகக் கேட்காமல் கடன் பத்திரம் மூலம் பணத்தை முன்னால் திரட்டி, ஆண்டுத் தவணையாக வசூலிக்க வேண்டும். வெள்ளத்தில் நொடிந்த ஏழைத் தெருவுக்கு மட்டும் பொது வரியிலிருந்து அவர்கள் தவணையைக் கட்டிவிடலாம். படுகையில் லேஅவுட் போட்டு விற்றுவிட்டுப் போனவரிடம் பழைய லாபத்தைத் திரும்ப வாங்குவது கடினம், இனி வரும் ஒவ்வொரு அனுமதிக்கும் வடிகால் கட்டணம் வைப்பது சுலபம்.

பணம் எந்தத் தேதியில் வரும்

அமெரிக்கப் பேரிடர் சட்டப்படி பொதுச் சொத்துச் சீரமைப்பில் குறைந்தது 75 சதவீதம் மத்திய அரசு தரும், கத்ரீனாவுக்கு அது 90 ஆனது. மீதி 10 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. வரி கட்ட ஆளே இல்லாத நகரத்துக்கு அந்தப் பத்தைப் புரட்ட வழி இல்லை, அதனால் மீதி 90உம் முடங்கிக் கிடந்தது. 2007 மே மாதம்தான் அந்த உள்ளூர்ப் பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். யார் எத்தனை சதவீதம் என்பதைப் போலவே உள்ளூர்ப் பங்கு எங்கிருந்து வரும், பணம் முன்கூட்டியே வருமா, செலவு செய்து பில் காட்டிய பிறகு வருமா என்பதையும் கேளுங்கள். பில்லுக்குப் பின்னால்தான் என்றால் இடைப்பட்ட மாதங்களுக்கு வட்டி யார் என்று ஒரு வரி சேரும்.

"உதவி" என்று அறிவித்தால் மானியமா கடனா என்று கேளுங்கள். பாகிஸ்தானின் 2022 வெள்ளத்துக்கு மறுகட்டுமானத் தேவை 1,630 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2023 ஜனவரியில் ஜெனீவா மாநாட்டில் 900 கோடிக்கு மேல் வாக்குறுதி வந்தது, அதில் பெரும்பகுதி கடன். உலகத்தைச் சூடாக்கியதில் அந்த நாட்டின் பங்கு மிகச் சிறியது. வெள்ளம் வாங்கியவரே வட்டியும் கட்டுவார் என்றால், 'தருபவர்' கட்டத்தில் வெளிநாட்டின் பெயரை எழுதாதீர்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் என்று எழுதுங்கள்.

திரும்பக் கட்டக் கூடாத இடம்

சில வரிகளில் 'பழையபடி', 'பலமாக' என்ற இரண்டையும் அடித்துவிட்டு 'இடம் மாற்றம்' என்று எழுத வேண்டிவரும். திரும்பத் திரும்ப மூழ்கும் தெருவைத் திரும்பத் திரும்பக் கட்டுவதைவிட ஒரே முறை விலை கொடுத்து வாங்கித் தண்ணீருக்கு விட்டுவிடுவது மலிவு. ஆனால் வெள்ளத்துக்குப் பிந்தைய விலையைக் கொடுத்து "கிளம்புங்கள்" என்றால் அது கொள்ளை. வெள்ளத்துக்கு முந்தைய மதிப்பு, பிழைப்புக்குப் பக்கத்தில் மாற்று மனை, முழுத் தெருவும் சேர்ந்து ஒரே இடத்துக்குப் போகும் வசதி, இவை மூன்றும் எழுத்தில் இல்லாத இடம்பெயர்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காலியான நிலம் வேறு யாருக்கும் விற்கப்படாது என்ற நிபந்தனையும் வேண்டும். ஏழையைக் கிளப்பிய இடத்தில் அப்புறம் அடுக்குமாடி முளைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

கூட்டத்துக்குப் போகும்போது

தாளை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். எந்தத் தத்துவத்தையும் விவாதத்துக்கு எடுக்க வேண்டாம், வரிவரியாகப் போங்கள். "அரசாங்கம் கொடுக்கணும்" என்பவரிடம் "எந்த வரிக்கு, எந்த நிதித் தலைப்பில்?" என்று கேளுங்கள். "வெள்ளப் படுகையில் கட்டினவங்க பாடு" என்பவரிடம் வீடு கட்டிய ஆண்டுக் கட்டத்தைக் காட்டி, அனுமதி கொடுத்த கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தணிந்துவிடும்.

அப்புறம், பணம் தருபவர் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்பார். டெண்டர் யாருக்கு, எந்தக் கரை முதலில், எந்தப் பள்ளி இரண்டாம் கட்டத்தில் என்பதெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். உள்ளூர்ப் பங்கு சிறியதானாலும் ஏதாவது இருந்தால்தான் உள்ளூருக்கு மேஜையில் நாற்காலி கிடைக்கும். நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் நடுக்காலத்திலிருந்து தாங்களே வரி வசூலிக்கின்றன, அதற்குத் தேர்தலும் நடக்கிறது. 1953இல் 1,836 பேரைப் பலிகொண்ட கடல் வெள்ளத்துக்குப் பிறகு பெரிய தடுப்புகளை நாடே கட்டியது, ஆனால் உள்ளூர்க் கரைகளையும் வாய்க்கால்களையும் இன்றும் வாரியங்களே பார்த்துக்கொள்கின்றன. பெரிய செலவு நாட்டுக்கு, அன்றாடப் பொறுப்பு உள்ளூருக்கு என்ற இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது.

கூட்டம் முடியும்போது தாளைத் தீர்மானத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள், பக்க எண்ணோடு. 'பணம் தருவது யார்' கட்டம் இன்னும் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் தனித் தாளில் பெயர்த்தெழுதி, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கும்படி அன்றே மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.